நான் மெதுவாகப் படித்த ஒரே கதை

ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குத் தீய்ந்த கஞ்சியின் வாடை வருகிறது.

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தகரக்கூரை வீடு. அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மடியில் தடித்த பைண்டுப் புத்தகம் ஒன்று. வெளியே ஐப்பசி மழை. தகரத்தின் மேல் அது அறைந்த அறையில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் வீடு முழுக்கப் புகை.

"அக்கா, கஞ்சி கருகுது. ஒங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

பேச்சிதான். தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் கடைசி வீட்டுக்காரி. தேவாரம் என்கிற ஊர்ப் பெண். என் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் என்பதால் மற்றவர்கள் என்னை ரைட்டரம்மா என்பார்கள். அவள் மட்டும் அக்கா. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அவளே பானையை இறக்கினாள். அடியில் ஒரு விரற்கடை கருப்பு.

"இருக்கிற அரிசியே இம்புட்டுத்தான். அதையும் இப்படிக் கருக்குனா என்னத்தத் திங்கிறது?"

அவள் கோபத்துக்குக் காரணம் கஞ்சி மட்டும் இல்லை. ஏலக்காய் மூட்டைகளோடு போடிக்கு இறங்கிய என் வீட்டுக்காரரும் ஆட்களும் திரும்பி வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. அந்த ஆட்களில் பேச்சியின் புருஷன் கருப்பையாவும் ஒருவன். எந்தத் தகவலும் இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, பானையைப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தில்தான் என் கண் போனது.

பக்கத்தில் நிற்கிற ஆள்

இந்த வேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

போடியில் நான் பிறந்த தெருவுக்கு ஒரே ஒரு வாரப்பத்திரிகைதான் வரும். ஏலக்காய் மண்டிக்காரர் வீட்டில் வாங்குவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் படித்து முடித்ததும் அது தெருவில் இறங்கும். வீடு வீடாக, ஒரு வரிசையில். எங்கள் வீட்டுக்கு அடுத்தது கோமதி வீடு. பத்திரிகை எங்கள் வீட்டுக்குள் நுழைந்த உடனே கோமதியும் நுழைந்துவிடுவாள். உட்கார மாட்டாள். ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு தூணோரம் நிற்பாள்.

"முடிச்சிட்டியா?"

"இப்பத்தான பிரிச்சேன்."

"சரி சரி, நிக்கிறேன்."

அவள் நிற்கிறாள் என்பதே போதும். என் கண் வரியில் நடக்காது, ஓடும். தொடர்கதையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, மலை, நிலா, சோலை என்று வரும் இடங்களை எல்லாம் தாவிவிடுவேன். வாடகை நூல்நிலையத்துப் புத்தகமும் அப்படித்தான். காலையில் அப்பா எடுத்து வருவார், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சமைக்கும்போது படிப்பேன். சாப்பிடும்போது படிப்பேன். அம்மா பேசினால் 'உம்' என்று சொல்லிக்கொண்டே படிப்பேன்.

இதற்கு நேர் எதிர் என் சின்ன மாமா. குளித்து, நெற்றிக்கு இட்டு, ஒரு பக்கம் படிப்பார். ஒரே ஒரு பக்கம். அடையாளத்துக்கு வேப்பிலை ஒன்றைச் செருகி மூடிவிடுவார். 'புஸ்தகம் எங்க ஓடிப் போகுது' என்பார். ஒரு நாவல் முடிய வருஷம் ஆகிவிடும். அதற்குள் நாங்கள் யாராவது முடிவைச் சொல்லிவிடுவோமோ என்று அவருக்கு ஒரே கவலை. விசேஷ வீடுகளில் நாங்கள் கதை பேசிக்கொண்டிருந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து போவார். அந்தப் பெரிய உருவம் காதைப் பொத்திக்கொண்டு பந்தலைக் கடப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்போம்.

எனக்கு வாய்த்தவர் மாமாவின் கட்சி. ஏலத்தோட்டத்தில் ரைட்டர் வேலை. எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிப்பார். கல்யாணமாகி மலையேறிய புதிதில் நான் பக்கங்களைப் புரட்டுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிறியா, படம் பாக்குறியா?"

"படிக்கிறேன்."

நம்பவில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அந்தப் பெண்ணின் தகப்பன் பெயர் என்ன, வீட்டை விட்டு எதற்காகப் போனாள் என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒனக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

மழையோடு வந்த பயம்

மாநிலங்களைப் பிரித்து எல்லை போடுவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். மலைக்கு மேலே மகாராஜா சீமை என்றுதான் கிழவர்கள் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு ரோடு கிடையாது. குரங்கணி வரை ஆட்கள் தலைச்சுமையாகக் காயை இறக்க வேண்டும். வழியில் ஓடைகள், அடிவாரத்தில் கொட்டகுடி ஆறு. அதைத் தாண்டினால் மாட்டு வண்டியோ லாரியோ பிடித்துப் போடி போய்விடலாம். மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு அரிசியும் சாமானும் வாங்கிக்கொண்டு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஏறிவிடுவார்கள்.

அந்தத் தடவை அவர் இறங்கிய காலையில் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. அவர் போனதும் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு விடவே இல்லை.

வரவேண்டிய நாள் வந்தது. போனது. காவல்காரர் பாதி தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். நடு ஓடையில் கிடந்த மரப்பாலத்தைக் காணவில்லை, பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்றார். கீழே ஆற்றின் இரைச்சல் தாம் நின்ற இடத்துக்கே கேட்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த ரைட்டர் ஒரு தகரப் பெட்டியை விட்டுப் போயிருந்தார். அதற்குள் வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுகள். எலி கடித்தவை, அட்டை போனவை. மெதுவாக வைத்துப் படிக்கலாம் என்று நான் தொடாமல் வைத்திருந்த புதையல் அது.

காவல்காரர் போனதும் பெட்டியைத் திறந்தேன்.

அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது. முடிந்ததற்கும் அடுத்ததை எடுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும் பாருங்கள், அந்த இடைவெளியில் ஆறு வந்துவிடும். அவர் போட்டுப் போன சட்டை வந்துவிடும். அதனால் ஒன்றை முடிக்கும்போதே அடுத்ததை இடது கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். தலை சீவவில்லை. மாடு கத்தினால் எழுந்து போய்த் தட்டையைப் போட்டுவிட்டு வருவேன், விரல் பக்கத்துக்குள்ளேயே இருக்கும். வெளிச்சம் மங்கினால் வாசலுக்கு நகர்வேன், அப்புறம் சிம்னி விளக்கு.

எத்தனை கதை படித்தேன், யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆனது, எதுவும் நிற்கவில்லை. கண் பாட்டுக்கு ஓடியது. பெட்டி கிட்டத்தட்டக் காலியான நேரத்தில்தான் கஞ்சி தீய்ந்தது, பேச்சி வந்தாள்.

பேச்சி கேட்டது

பானையைக் கழுவப் போட்டுவிட்டு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறாவது மாசம். தரையில் கை ஊன்றித்தான் உட்கார முடியும்.

"அதுல என்னக்கா போட்டிருக்கு? அவுக எங்க நிக்காகன்னு போட்டிருக்கா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. "இது கதை பேச்சி" என்றேன்.

"கதைன்னா சத்தமா வாசிங்க. எனக்கும் நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. ஒங்களுக்கு மட்டும் மருந்து, எனக்கு இல்லையா?"

கையில் கிடைத்த ஒரு பைண்டை எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்தேன். நான்கைந்து வரி போயிருக்கும்.

"நிறுத்துங்கக்கா. இந்த மழை மாதிரியே வாசிக்கிறீக. ஒரு சொல்லும் வெளங்கல."

மெதுவாக வாசிக்க முயன்றேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கண் முன்னால் ஓடும், வாய் பின்னால் இழுபடும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பக்கம் முடிந்தபோது என் இடது கை அடுத்த பைண்டைத் தேடவில்லை.

மறுநாள் காய் உலர்த்தும் கூடத்துக்குப் போனோம். ஸ்டோர் என்பார்கள். அடியில் விறகு எரியும், சூட்டுக் குழாய்கள் தரையோரம் ஓடும், மலையிலேயே கதகதப்பான இடம் அதுதான். உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பு நீக்குகிற சோலி பெண்களுக்கு இருந்தது. எல்லோர் வீட்டு ஆட்களும் கீழே மாட்டிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் வாயில் பேச்சு இல்லை. நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து வாசித்தேன். ஏலக்காய் வாசமும் ஈர விறகுப் புகையுமாக இருந்தது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடக்கிற கதை. அமிர்தம் என்று ஒரு பெண். அவள் புருஷன் சங்கரலிங்கம் பிழைப்புக்காகத் தூர தேசம் போகிறான். பாடுபட்டுத் திரும்பி வருகிறான். கதையே அவன் திரும்பி வருகிற வழிதான். பெண்கள் கை காயைத் தேய்க்க, காது என் பக்கம் இருந்தது.

முன்னாலேயே தெரிந்த முடிவு

சங்கரலிங்கம் விடைபெறுகிற இடம். "மழைக்கு முன்னாடி வந்துவிடுகிறேன்" என்று அமிர்தத்திடம் சொல்கிறான். அந்த வரியை வாய்விட்டு வாசித்த அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இதை நான் படித்திருக்கிறேன். இந்த நாட்களில்தான், அந்த ஓட்டத்தில். கடைசி அத்தியாயத்தில் அவன் ஊருக்கு எதிர்க்கரை வரை வந்துவிடுகிறான். தன் வீட்டு விளக்கு தெரிகிறது. வெள்ளத்தில் இறங்குகிறான். கரையேறுவதில்லை.

இருமினேன். யாரோ தண்ணீர் கொண்டாந்து கொடுத்தார்கள்.

அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் ஆற்றைத் தாண்டி வரவேண்டிய ஓர் ஆளுக்காகக் காத்திருந்தாள். நானும்தான். அவர்களிடம் போய் இந்த முடிவை எப்படி வாசிப்பது? வேறு கதைக்கு மாறலாம் என்று மறுநாள் வேறொரு பைண்டை எடுத்துப் போனேன். மூக்கம்மா விடவில்லை. அவளுடைய ஒரே மகன் கீழே போயிருந்தான். பொறுமை இல்லாத மனுஷி.

"அந்தக் கதையவே வாசிங்க. வந்தானா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல. வெரசா வாங்க."

"வருவான். மெதுவாத்தான் வருவான்" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

வீடு திரும்பும்போது பேச்சி என் கூட நடந்து வந்தாள். தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்திருந்தாள்.

"கடேசில அவனுக்கு என்னக்கா ஆகுது?"

"தெரியாது பேச்சி. நான் இன்னும் அதுவரைக்கும் படிக்கல."

அவள் நின்றாள். "பொட்டியில இருந்ததைப் பூராம் நீங்க படிச்சதை நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

மழை இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. அவள் என் முகத்திலிருந்து படித்துக்கொண்டாள். எழுத்து தெரியாதவள் படித்த வேகம் அது. பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்:

"சரி. மூக்கம்மாக்காகிட்டச் சொல்லாதீக. அது தாங்காது. அவுக வர்றவரைக்கும் கதை முடியக் கூடாது. அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தோம். நான் வேகத்தை இன்னும் குறைத்தேன். புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தேன். சங்கரலிங்கம் ஒரு சத்திரத்தில் சாப்பிட்டான் என்று ஒற்றை வரி இருந்தால், இலை போட்டது முதல் வெற்றிலை மடித்தது வரை நானே பரிமாறினேன். அரைப் பட்டினியில் இருந்த பெண்கள் வாய் ஊறக் கேட்டார்கள். "கத்திரிக்கா எண்ணெயில வதக்குனதா, குழம்பா?" என்று ஒருத்தி கேட்டாள். குழம்பு என்றேன்.

நான் திணறும்போது பேச்சி புகுந்துவிடுவாள். "நேத்து எனக்குக் கண்ணு சொக்கிருச்சு. அந்தக் கலியாணத்தை இன்னொருக்க வாசிங்கக்கா" என்பாள். அமிர்தத்தின் மாமியார் நல்லவளா கெட்டவளா என்று ஒரு சண்டையைக் கிளப்பிவிடுவாள். அது ஒரு பொழுதைத் தின்றுவிடும்.

ஆனால் பக்கங்கள் குறைந்துகொண்டேதான் வந்தன. வீட்டுக்கு வந்தால் மீதித் தாள்களை விரலால் பிடித்துப் பார்ப்பேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கதை முடிந்துவிடுமோ என்று பயந்தேன். இந்தக் கதை முடியும் முன் அவர் வராவிட்டால் வரவே மாட்டார் என்று மனம் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது. முட்டாள்தனம்தான். தெரியும். தெரிந்து என்ன, மறுபடி தாள்களை எண்ணிப் பார்ப்பேன்.

ஒரு மதியம் மூக்கம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் கனம் தெரியும் அல்லவா.

"இன்னுங் கொஞ்சந்தான இருக்கு? இன்னைக்கு முடிச்சுருவோம். எந்திரிக்காதீக ரைட்டரம்மா."

எல்லோரும் சரி சரி என்றார்கள். வேறு வழியில்லாமல் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். சங்கரலிங்கம் எதிர்க்கரைக்கு வந்துவிட்டான். விளக்கைப் பார்த்துவிட்டான். அடுத்த வரியை விரலால் மறைத்துக்கொண்டேன்.

"ஆத்தா" என்று ஒரு முனகல். பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

கூடம் அல்லோலப்பட்டது. காய் எல்லாம் தரையில் சிதறியது. ஆறாவது மாசத்தில் வலியா என்று மூக்கம்மா பதறிக்கொண்டு அவளை மடியில் தாங்கினாள். வெந்நீர் வைக்க ஒருத்தி ஓடினாள். என் கையிலிருந்த புத்தகம் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. குனிந்து பேச்சியின் முகத்தைத் துடைத்தேன். அவள் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேலேயிருந்து வந்தார்கள்

மறுநாள் மழை தூறலாகிவிட்டது. பெண்கள் எல்லோரும் கீழே இறங்குகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பனி விலகி விலகி மூடியது. ஒருவரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள்.

அவர்கள் மேலேயிருந்து வந்தார்கள். ஆற்றைக் கடக்க முடியாமல் போடிக்கே திரும்பிப் போய், பல நாள் காத்திருந்து, மலைமுகட்டுக்குப் போகிற மெட்டு ரோட்டில் லாரி பிடித்து ஏறி, முகட்டு வழியாகக் காடு சுற்றி நடந்து வந்திருக்கிறார்கள். தலையில் அரிசிச் சாக்கு. காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். மூக்கம்மா மகனை அடிக்கிற மாதிரி ஓடினாள், கிட்டே போய்க் கட்டிக்கொண்டாள். கருப்பையா பேச்சியின் முன்னால் வந்து நின்று, "கஞ்சி இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

கடைசி ஆளாக அவர் வந்தார். இடது கை மேல்துண்டால் சுற்றிக் கட்டியிருந்தது.

"என்னாச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல."

வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. வழுக்கி விழுந்தால் இப்படி உரியுமா என்று ஒரு கேள்வி வந்தது. வந்ததே போதும் என்று அதை விட்டுவிட்டேன். அன்று நான் எதையும் படிக்கவில்லை. அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி அத்தியாயம்

வெயில் வந்த பிறகு மூக்கம்மா என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க பயலுக வந்துட்டானுக. இனி அவனைச் சொல்லுங்க. எதுன்னாலும் கேட்டுக்கிருவோம்."

எதுன்னாலும் என்று அவள் சொன்ன விதத்தில் அவளுக்கும் ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஸ்டோரில் பெண்கள் கூடினார்கள். இந்தத் தடவை ஆண்களும் வந்து சுவரோரம் குந்தினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மூட்டைக்குத் தையல் போடுகிறவர் போல ஒரு மூலையில் இருந்தார்.

வாசித்தேன். இப்போது எதையும் சேர்க்கவில்லை, விடவும் இல்லை. எழுதியவர் எழுதியபடியே. சங்கரலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். முழங்கால், இடுப்பு, மார்பு. நடு ஆற்றில் பாறை ஒன்றைப் பிடிக்கிறான். கை நழுவுகிறது. தண்ணீர் அவனை உள்ளே இழுக்கிறது.

மூக்கம்மா வாய்விட்டு அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். அத்தனை நாள் ஒருத்தியும் அழுது நான் பார்க்கவில்லை. தங்கள் ஆட்கள் பத்திரமாகப் பக்கத்தில் இருக்கும்போது, காகிதத்தில் இருந்த ஒருவனுக்காக மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் கருப்பையா மெதுவாகச் சொன்னான்.

"இப்படித்தான் இருந்துச்சு. நம்ம ஐயாவை ஆறு இழுக்கையிலயும்."

"சும்மா இருடா" என்றார் அவர் மூலையிலிருந்து.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்த ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

அடுத்த வரி கண்ணில் இருந்தது. வாய்க்கு வரவில்லை. அப்புறம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பேச்சி எழுந்து வந்து என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து மூடினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா."

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த லோடுக்கு என்னைய விட மாட்ட."

"அடுத்த லோடுக்கு நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"அந்த எடத்தைப் பாக்கணும்."

அவர் மறுக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

ஆறு

மழை விட்டுச் சில வாரம் கழித்து இறங்கினோம். பாதையில் சரிந்த மண்ணைக் கொத்தி ஆள் நடக்கிற அளவு வழி செய்திருந்தார்கள். ஓடைக்குப் புது மரம் போட்டாகிவிட்டது. அந்த இரைச்சலை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன்.

இரைச்சல் இல்லை. கொட்டகுடி ஆறு கணுக்கால் தண்ணீரோடு கூழாங்கல் மேல் வழிந்துகொண்டிருந்தது. அடியில் கிடந்த ஒவ்வொரு மணலும் தெரிந்தது. ஒரு நாரை நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுவா?" என்றேன்.

"இதேதான்."

மூட்டைகளோடு கருப்பையாவும் மற்றவர்களும் சாவகாசமாக அக்கரைக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் நடு ஆற்றில் நின்றோம். என் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு மரக்கிளை இருந்தது. அதில் வைக்கோலும் கந்தலும் சிக்கித் தொங்கின. தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன். "எதையும் விடாம."

அவர் எதையும் சட்டென்று சொல்கிற ஆள் இல்லை. ஒரு பாறையைக் காட்டினார். இல்லை, அதற்குக் கீழே இருப்பது என்று மாற்றிக் காட்டினார். எல்லோரும் வேட்டியை முறுக்கிக் கயிறாகக் கட்டிக்கொண்டார்கள் என்றார். தாமே முதல் ஆளாக இறங்கியது ஏன் என்பதைச் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, கரையில் நின்ற ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னார். மறுபடி தண்ணீருக்கு வந்தார்.

"உள்ள போனதும் சத்தமே இல்ல. அதான் பயமா இருந்துச்சு. மேல அம்புட்டு இரைச்சல், உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்ப என்ன நெனச்சீங்க?"

என் காலில் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன்னை நெனச்சேன்னு சொல்லணும். நெனைக்கல. மூச்சை மட்டுந்தான் நெனச்சேன். கல்லைப் புடிச்சேன். கை உரிஞ்சுச்சு. விடல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "கருப்பையா தலைமுடியப் புடிச்சுத் தூக்குனான். கரையில கெடந்தப்பத்தான் ஒன் நெனப்பு வந்துச்சு. நீ பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருப்ப, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன். அதுல ஒரு நிம்மதி."

நான் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது.

"மறுபடியும் மொதல்லருந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார், அதே நிதானத்தில். அக்கரையிலிருந்து கருப்பையா, நேரமாகிறது, லாரி போய்விடும் என்று கூவினான். நான் திரும்பாமலே கையை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னேன்.